சிறிய என்ஜினும் பெரிய பாரமும்

கனரக லாரிகளின் என்ஜின்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருகின்றன. முன்பு 14 லிட்டர் கொள்ளளவு கொண்ட என்ஜின் இழுத்த பாரத்தை இன்று 11 அல்லது 13 லிட்டர் என்ஜின் இழுக்கிறது. எரிபொருள் மிச்சம், புகை குறைவு, எடை குறைவு என்று தயாரிப்பாளர்கள் காரணங்களை அடுக்குகிறார்கள். லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களுமோ ஐயத்தோடு பார்க்கிறார்கள். இவ்வளவு சிறிய என்ஜின் இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்குமா என்பது அவர்களுடைய கேள்வி.

இது பொறியாளர்கள் மட்டுமே விடை சொல்ல வேண்டிய கேள்வி என்று நான் கருதவில்லை. பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில், இதற்குள் ஒரு பொருளியல் கேள்வி இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதை விளங்கிக்கொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கை பெரிதும் உதவும். அவருடைய பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். பெட்ரோல் நிலையங்களின் விலைப் பலகைகளில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்கு நினைவில் இல்லை. அவர் ருடால்ஃப் டீசல்.

1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தியோடர் தோல் பொருள்கள் செய்யும் கைவினைஞர். சிறிய பட்டறை, குறைந்த வருவாய், மூன்று பிள்ளைகள். செய்து முடித்த பொருள்களைக் கைவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. பாரம் இழுப்பது என்றால் என்னவென்பதை அவர் முதலில் தன் கைகளால்தான் கற்றார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டனர். டீசல் குடும்பம் லண்டனுக்குப் புலம்பெயர்ந்தது. அங்கு எல்லாரும் பிழைக்க வழியில்லாததால், 12 வயது ருடால்ஃபை ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த உறவினர் ஒருவரிடம் அனுப்பிவைத்தனர். கணித ஆசிரியரான அவரது வீட்டில் தங்கி, தொழிற்பள்ளியில் படித்த சிறுவன் பொறியாளராவது என்று அப்போதே உறுதிகொண்டான். பெற்றோருக்கு விருப்பமில்லாத நிலையிலும் கல்வி உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் வான் லிண்டே. செயற்கைக் குளிர்பதனத் தொழிலை உலகுக்குத் தந்தவர்களில் முதன்மையானவர். வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது, எவ்வளவு மாறக்கூடும் என்பதை அவருடைய வகுப்பில் டீசல் கற்றார். 1824-இல் பிரெஞ்சு அறிஞர் சாதி கார்னோ வகுத்த கோட்பாட்டின்படி, வெப்ப எந்திரம் எதுவும் தன் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற இயலாது. ஆனால் அதற்கென்று ஓர் உச்ச எல்லை உண்டு. அன்றைய நீராவி எந்திரங்களோ அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தன. எரித்த நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து வேலையாக வெளிவரவில்லை. எஞ்சிய ஒன்பது பங்கும் புகைபோக்கியிலும் நீரிலும் வீணாயிற்று.

இந்த வீணடிப்பு மாணவர் டீசலின் மனத்தில் தைத்தது. டைஃபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வை உரிய காலத்தில் எழுத முடியாமல் போக, இடைப்பட்ட மாதங்களில் சுவிட்சர்லாந்தின் சுல்சர் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். 1880-இன் தொடக்கத்தில் தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் திரும்பி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியாற்றினார். 1883-இல் மார்த்தாவை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் குளிர்பதன எந்திரங்கள், இரவில் தன் கனவு எந்திரத்துக்கான கணக்குகள் என்று பத்தாண்டுகள் கழிந்தன.

அந்தக் கனவைப் பற்றித்தான் இங்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். டீசல் விரும்பியது பெரிய எந்திரத்தை அல்ல. நீராவி எந்திரம் பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். கொதிகலன், புகைபோக்கி, நிலக்கரிக் கிடங்கு, அவற்றைக் கவனிக்க ஆள்கள் என்று எல்லாம் பெரிய முதலீட்டைக் கேட்டன. சிறிய அளவில் செய்தால் அதன் பயனுறுதிறன் மேலும் சரிந்தது. ஆகவே நெசவாளர், தச்சர், கொல்லர் போன்ற சிறு தொழிலாளர்கள் பெரிய ஆலைகளோடு போட்டியிட முடியாமல் நசிந்தனர். ஆலைகள் நகரங்களில் குவிந்தன. மக்களும் அங்கே நெருக்கியடித்துக் குவிந்தனர். ஒரு சிறிய பட்டறைக்குள் அடங்கும், குறைந்த எரிபொருளில் ஓடும், சிக்கனத்தில் பெரிய எந்திரத்துக்குச் சற்றும் குறையாத ஓர் என்ஜின் கிடைத்தால் இந்த நிலை மாறும் என்று டீசல் நம்பினார். கைவினைஞர் வீட்டுப் பிள்ளை கண்ட கனவு அது.

பொருளியலில் இதைப் பேரளவு உற்பத்திச் சிக்கனம் என்கிறோம். அளவு பெருகப் பெருக ஒரு அலகுக்கான செலவு குறையும் என்பது அதன் சாரம். தொழில்நுட்பம் மாறினால் அந்தச் சிக்கனத்தின் எல்லையும் மாறும் என்பதை டீசல் ஒரு பொறியாளரின் கண்ணோடு கண்டார். என் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டாகச் சொன்னது அவருடைய எந்திரத்தைத்தான்.

அவருடைய வழி எளிமையாகத் தோன்றும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் அறிவோம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். போதிய அளவு அழுத்தினால், உள்ளே செலுத்தும் எரிபொருள் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். அழுத்தம் கூடக் கூடப் பயனுறுதிறனும் கூடும். 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டீசல், 1893-இல் தன் கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் வான் பூஸ் அவரை நம்பி இடமும் ஆள்களும் தந்தார். குருப் நிறுவனமும் பொருளுதவி செய்தது.

1893 ஆகஸ்ட் மாதம் நடந்த முதல் சோதனையில், எரிபொருள் வெடித்து எழுந்த அழுத்தம் அளவுமானியைத் தூள்தூளாக்கியது. அருகில் நின்றவர்கள் தப்பியதே பெரிது. ஆனால் அழுத்தத்தால் எரிபொருள் பற்றும் என்ற கோட்பாடு மெய்யாயிற்று. 1894 பிப்ரவரியில் என்ஜின் முதன்முறையாகத் தானாகவே ஓடியது. அதுவும் ஏறத்தாழ ஒரு நிமிடம் மட்டுமே. அந்த ஒரு நிமிடத்தை மணிக்கணக்காக நீட்டிக்க மேலும் மூன்றாண்டுகள் ஆயின.

1897 பிப்ரவரி 17-ஆம் தேதி பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் முறையான அளவீடு நடந்தது. ஒற்றை சிலிண்டர். அதன் விட்டம் 25 சென்டிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 40 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 154 சுற்றுகளில் அது தந்த திறன் 13.1 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 18 குதிரைத்திறன். பயனுறுதிறன் 26.2 விழுக்காடு. அதுவரை எந்த வெப்ப எந்திரமும் அந்த எண்ணை எட்டியதில்லை.

ஆனால் அந்த என்ஜின் மூன்று மீட்டர் உயரம் இருந்தது. எடை ஏறத்தாழ நாலரை டன். கொள்ளளவைக் கணக்கிட்டால் 19.6 லிட்டர் வருகிறது. சிறு பட்டறைக்கென்று கண்ட கனவு, பிறக்கும்போதே ஒரு மாடி வீட்டின் உயரத்தில் பிறந்தது. 19.6 லிட்டரில் 18 குதிரைத்திறன். இன்று ஒரு சாதாரண மோட்டார் சைக்கிள், அரை லிட்டருக்கும் குறைவான என்ஜினில் இதைவிட அதிகத் திறன் தருகிறது. என்ஜினின் அளவு வேறு, அதன் திறன் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 16 டன் எடையுள்ள ஒரு லாரி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மலைச்சாலையில் ஏறுகிறது. அதை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 80 குதிரைத்திறன் போதும். 40 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் 160 குதிரைத்திறன் தேவை. டீசலின் 1897 என்ஜினை, அதன் சொந்த எடையை மறந்துவிட்டு, தகுந்த பற்சக்கரங்களோடு இதே லாரியில் பொருத்தினால்? அதுவும் இதே பாரத்தை இதே மலையில் ஏற்றிவிடும். ஆனால் மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில், மனிதர் நடக்கும் வேகத்தில்.

பாரத்தைத் தூக்க ஆகும் மொத்த ஆற்றல் மூன்று நிலைகளிலும் ஒன்றுதான். மாறுவது காலம் மட்டுமே. ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தைப் பெரிய திறன் 9 நிமிடத்தில் முடிக்கும். சிறிய திறன் 80 நிமிடம் எடுத்துக்கொள்ளும். எனவே சிறிய என்ஜினால் முடியுமா என்று கேட்பதைவிட, அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு யார் விலை கொடுப்பது என்று கேட்பதே பொருத்தம். குதிரைத்திறன் என்பது காலத்தின் மறுபெயர். கேள்வி பொருளியலுக்குள் வந்துவிடும் இடம் இதுதான்.

மீண்டும் டீசலின் வாழ்க்கைக்கு வருவோம். சோதனை வெற்றிபெற்றதும் உரிமம் கேட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன. அமெரிக்க உரிமையை மட்டும் மதுபான ஆலை அதிபர் அடோல்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1898-இல் தன் காப்புரிமைகளை எல்லாம் ஒரு தனி நிறுவனத்துக்கு 35 லட்சம் மார்க் மதிப்பில் டீசல் மாற்றிக்கொடுத்தார். நாற்பது வயதில் பெருஞ்செல்வர் ஆனார். மியூனிக் நகரில் மாளிகை எழுந்தது.

ஆனால் எந்திரம் இன்னும் பக்குவப்படவில்லை. விற்பனைக்குச் சென்ற தொடக்ககால என்ஜின்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. கண்டுபிடிப்பு தங்களுடையது என்று கூறி வழக்குத் தொடுத்தவர்கள் ஒருபுறம், பணத்தைத் திருப்பிக் கேட்ட வாடிக்கையாளர்கள் மறுபுறம். தீராத தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் அவரைப் பற்றின. 1898-இன் இறுதியில் மருத்துவ ஓய்வில் மாதக்கணக்கில் இருக்க நேர்ந்தது. கையில் வந்த செல்வத்தை நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் முதலிட்டு இழந்தார். தன் என்ஜினின் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை நுட்பமாகக் கணக்கிட்டவர், தன் மீதே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தைக் கணக்கிடவில்லை.

என்ஜின் மெல்ல மெல்லத் தேறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு பெற்றது. அங்கு ஒரு டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. தாவர எண்ணெயில் ஓடினால் வேளாண் நாடுகள் தமக்கான எரிபொருளைத் தாமே விளைவித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பின்னாளில் டீசலை ஈர்த்தது. மின் நிலையங்கள், நீரேற்று நிலையங்கள், படகுகள் என்று பரவிய என்ஜின் கடலையும் எட்டியது. 1912-இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட செலாண்டியா என்ற சரக்குக் கப்பல், தலா 1,250 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டீசல் என்ஜின்களோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்வரை சென்று திரும்பியது. நீராவி யுகத்தின் முடிவு தொடங்கிவிட்டது என்பதைத் துறைமுகங்கள் கண்டன.

ஆக, பெரியதில் வெற்றி கிட்டியது. சிறியதில் கிட்டவில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு ஏற்ற சிறிய என்ஜினை உருவாக்க டீசல் பலமுறை முயன்றார். 1908-ஆம் ஆண்டு வாக்கில் சுவிட்சர்லாந்தின் சாஃபிர் நிறுவனத்தோடு சேர்ந்து, லாரிக்கென நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றை வடிவமைத்தார். அது தொழிலாக மலரவில்லை.

காரணம் நுட்பமானது, ஆனால் விளங்கிக்கொள்ளக் கூடியது. உயர் அழுத்தத்தில் உள்ள சிலிண்டருக்குள் எண்ணெயைச் செலுத்த, அதைவிட உயர்ந்த அழுத்தத்தில் காற்றை ஊதி, அதோடு எண்ணெயையும் தெளித்தனர். அந்தக் காற்றுக்கென்று தனியே ஓர் அழுத்தி வேண்டும். என்ஜின் தரும் திறனில் ஒரு பகுதியை அதுவே விழுங்கும், எடையும் கூடும். கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் அது ஒரு பொருட்டல்ல. லாரிக்கோ, தான் சுமக்க வேண்டிய சரக்கின் இடத்தைத் தன் என்ஜினே எடுத்துக்கொள்ளும் நிலை. வேகமும் ஒரு தடையாயிற்று. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்கு மேல் போனால் எண்ணெய் சரிவர எரியவில்லை. சுற்று வேகம் ஏறாமல் சிறிய என்ஜினில் திறன் ஏறாது.

எந்திரத்தால் கைவராத சமூக மாற்றத்தை டீசல் எழுத்தால் தேடினார். 1903-இல் ஒருமைப்பாட்டுக் கோட்பாடு பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் நாள்தோறும் சிறு காசைப் பொதுநிதியில் செலுத்த வேண்டும்; அந்த நிதியின் உத்தரவாதத்தில் கடன் பெற்றுத் தொழிலாளர்களே உரிமையாளர்களாக உள்ள நிறுவனங்களைத் தொடங்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். அந்த நிறுவனங்களுக்குத் தேன்கூடுகள் என்று பெயரிட்டார். 10,000 பிரதிகள் அச்சிடப்பட்ட அந்த நூல் சில நூறு மட்டுமே விற்றது. பொருளியல் வரலாற்றில் அதற்கு இடமில்லை. ஆயினும் சிறு துளிகளைச் சேர்த்துப் பெருந்திறனாக்கும் அந்த எண்ணமும், சிறிய என்ஜின் பற்றிய கனவும் ஒரே மனத்தில் பிறந்தவை என்பதை நான் மறக்க இயலாது.

1913 செப்டம்பர் 29-ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்ற கப்பலில் டீசல் ஏறினார். உடன் வந்தவர்களோடு இரவு உணவு உண்டார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அவர் இல்லை. படுக்கை கலையாமல் இருந்தது. மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் மேலங்கியும் கிடந்தன. பத்து நாள்களுக்குப் பிறகு டச்சுப் படகொன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுத்த பொருள்களைத் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். குடும்பத்துக்கு எஞ்சியது செல்வமல்ல, கடன் என்பது பிறகு தெரிந்தது. அது தற்கொலையா, விபத்தா, வேறெதுவுமா என்று நூறாண்டுகளுக்குப் பிறகும் விவாதம் தொடர்கிறது. கடன் சுமையையும் உடல் நலிவையும் எண்ணிப்பார்ப்போர் பெரும்பாலும் முதலாவதையே ஏற்கின்றனர். அப்போது அவருக்கு வயது 55. டீசல் லாரி ஒன்று சாலையில் தொழில் செய்வதை அவர் கண்ணால் காணவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தனர். பென்ஸ் நிறுவனத்தின் பிராஸ்பர் லொராஞ்ச், காற்றழுத்தி இல்லாமலே எண்ணெய் எரியும் வகையில் ஒரு முன்னறை அமைப்பை வகுத்தார். 1923-இல் பென்ஸ் நிறுவனத்தின் 5 டன் லாரியில் 50 குதிரைத்திறன் டீசல் என்ஜின் ஓடியது. 1924-இல், டீசலின் முதல் என்ஜினை உருவாக்கிய ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வழிவந்த எம்.ஏ.என். நிறுவனமும் தன் லாரியைக் காட்சிக்கு வைத்தது. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெய் தெளிப்புப் பம்புகளைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் டீசல் என்ஜின் உண்மையிலேயே சிறியதாயிற்று. நம் கிணற்று மேடுகளில் படபடவென ஓடிய 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின் அந்த வம்சத்தின் கடைக்குட்டி. கைவினைஞருக்கும் சிறு உழவருக்கும் என்று டீசல் எண்ணிய என்ஜின், அவர் நேரில் காணாத வயல்களில் நீர் இறைத்தது.

திறனைக் கூட்டிய மற்றொரு பெயர் ஆல்பிரட் பூஷி. சுவிட்சர்லாந்துப் பொறியாளரான இவர், வீணாக வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சுழலியைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதல் காற்றை என்ஜினுக்குள் திணிக்கலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றார். டர்போ சார்ஜர் என்று இன்று நாம் அழைப்பது அதுவே. 1920-களில் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களில் அதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் என்ஜின் 2,500 குதிரைத்திறன் தந்தது. அதே உருளை, அதே பிஸ்டன். உள்ளே செல்லும் காற்று மட்டும் அதிகம். காற்று அதிகமானால் எரிக்கக்கூடிய எண்ணெயும் அதிகம்.

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை காணலாம். சிறிய என்ஜினுக்குப் போதிய திறன் உண்டா? உண்டு. 1969-இல் ஸ்கேனியா நிறுவனம் 14 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜினில் 350 குதிரைத்திறன் தந்தபோது ஐரோப்பாவே வியந்தது. இன்று 13 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின்கள் 500 குதிரைத்திறனை இயல்பாகத் தருகின்றன. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2011-இல் தன் எஃப்-150 சரக்கு வாகனத்தில் 3.5 லிட்டர் டர்போ என்ஜினைப் பொருத்தி 365 குதிரைத்திறன் பெற்றது. எட்டு சிலிண்டர் இல்லாத வண்டியைத் தொட மாட்டோம் என்றிருந்த வாடிக்கையாளர்களில் பலர் அதை வாங்கினர்.

ஆனால் அதே ஃபோர்டு நிறுவனம், இன்னும் பெரிய பாரம் இழுக்கும் தன் வாகன வரிசையில் 6.7 லிட்டர், எட்டு சிலிண்டர் டீசல் என்ஜினையே வைத்துக்கொண்டது. காரணம் இல்லாமல் இல்லை. கார் ஓட்டுபவர் தன் என்ஜினின் முழுத்திறனைச் சில நொடிகளோ சில நிமிடங்களோதான் கேட்கிறார். லாரி ஓட்டுநர் அதை மணிக்கணக்கில் கேட்கிறார். காட்சியறையில் ஒட்டப்பட்ட எண் உச்சத் திறனைச் சொல்லும். எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள் என்பதைச் சொல்லாது. 100 கிலோ மூட்டையை இருவர் தூக்கலாம். பலசாலி ஒருவரும் தூக்கலாம். ஆனால் நாள் முழுவதும் தூக்கினால் யாருடைய முதுகு முதலில் தளரும் என்பதை மூட்டை தூக்கும் தொழிலாளியைக் கேட்டால் சொல்வார். சிறிய என்ஜினின் ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவும் அதிக அழுத்தத்தையும் அதிக வெப்பத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. உயர்ந்த உலோகமும், துல்லியமான குளிர்விப்பும், தவறாத பராமரிப்பும் அதற்குத் தேவை. என்ஜினின் அளவில் மிச்சம் பிடித்தது பராமரிப்பில் செலவாகக் கூடும்.

இறக்கத்தில் மற்றொரு கணக்கு இருக்கிறது. மலையில் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் என்ஜின் வேண்டும். கியரில் இறங்கும் லாரியை என்ஜினே பின்னிழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி பெரிதும் கொள்ளளவைச் சார்ந்தது. டர்போ சார்ஜர் ஏற்றத்தில் தரும் உதவியை இறக்கத்தில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. எனவே என்ஜினைச் சிறிதாக்குபவர்கள் தனியே துணைத் தடுப்பு அமைப்புகளைச் சேர்க்க வேண்டும். தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் நிகழும் லாரி விபத்துகளைச் செய்திகளில் படிக்கும் நமக்கு, இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த பாரம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இதில் என்ன செய்யலாம்? ஜெர்மனி ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கு சரக்கு வாகனங்களுக்கு ஒரு டன் மொத்த எடைக்குக் குறைந்தது 5 கிலோவாட் என்று திறன் விதிக்கப்பட்டிருக்கிறது. 40 டன் லாரி என்றால் 200 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 270 குதிரைத்திறன். என்ஜின் எத்தனை லிட்டர் என்று அந்த விதி கேட்பதில்லை. பாரத்துக்குத் தக்க திறன் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. இது சரியான கேள்வி.

நம் நாட்டில் 2018-இல் சரக்கு வாகனங்களின் எடை வரம்பு உயர்த்தப்பட்டது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. சரக்குக் கட்டணம் குறையும், வண்டிகளின் எண்ணிக்கை குறையும் என்ற வாதங்களில் நியாயம் உண்டு. ஆனால் அதே என்ஜினோடு எடை மட்டும் அவ்வாறு கூடினால், ஒரு டன்னுக்குக் கிடைக்கும் திறன் 12 விழுக்காடு குறைகிறது என்பது எளிய வகுத்தல் கணக்கு. வரம்பையும் மீறி ஏற்றினால் இன்னும் குறையும். எடை வரம்பைப் பற்றி எப்போது பேசினாலும், டன்னுக்கு எத்தனை கிலோவாட், இறக்கத்தில் என்ன பிடி என்ற இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

ஏனெனில், திறன் குறைந்தால் மிச்சமாவது ஒருவருக்கு, இழப்பு மற்றொருவருக்கு. குறைந்த விலையில் வண்டி வாங்கிய உரிமையாளருக்கும், குறைந்த கட்டணத்தில் சரக்கு அனுப்பிய வணிகருக்கும் மிச்சம். மலையேற 9 நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் கியரோடு போராடும் ஓட்டுநருக்கும், அவர் பின்னால் வரிசையில் நிற்கும் பேருந்துப் பயணிக்கும் இழப்பு. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநரின் கூடுதல் நேரத்துக்கு யாரும் விலை தருவதில்லை. அந்த நேரத்தை ஈடுகட்ட அவர் தூக்கத்தைத் தியாகம் செய்கிறார். பொருளியல் இதைப் புறச்செலவு என்று பெயரிட்டு அழைக்கும். நெடுஞ்சாலையில் அது உயிர்ச்செலவாகவும் மாறுவதுண்டு.

சிறிய என்ஜினை நான் எதிர்க்கவில்லை. குறைந்த எண்ணெயில் அதிக வேலை என்பதுதான் டீசல் தொடங்கிவைத்த பாதை. அவருடைய 26 விழுக்காடு இன்று சிறந்த லாரி என்ஜின்களில் 45 விழுக்காட்டைத் தொட்டிருக்கிறது. எரிபொருளை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது சிறிய பயனல்ல. பாரம் அளவோடும், பராமரிப்பு ஒழுங்காகவும், இறக்கத்துக்கான தடுப்பு உறுதியாகவும் இருந்தால் சிறிய என்ஜின் பெரிய வேலையைச் செய்யும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அதன் குறையை ஓட்டுநரே தன் உடலால் நிரப்ப வேண்டியிருக்கும்.

ருடால்ஃப் டீசல் தன் என்ஜினைச் சிறியதாக்க விரும்பியது செலவைக் குறைப்பதற்காக மட்டுமல்ல. எளிய மனிதரின் தோளிலிருந்து பாரத்தை இறக்குவதற்காக. அந்தப் பாரத்தை மீண்டும் எளியவரின் தோளிலேயே ஏற்றும் என்ஜின், எத்தனை குதிரைத்திறன் தந்தாலும், கனரகப் பணிக்குப் போதுமானதல்ல.